செத்த நாக்கும் புளித்த மாவும்

அந்தத் தெருவில் புளிப்பண்ணன் கடை எங்கே என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். உண்மையில் நாய்தான் முதலில் காட்டும். ரொட்டியின் கருகிய ஓரங்கள் எல்லாம் அதற்குத்தான் போய்ச் சேர்கின்றன. அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். ஒன்று, அவர் செய்யும் புளிப்பு ரொட்டி. இன்னொன்று, அவர் சொல்லும் ஜோக்குகள். முதலாவதற்காக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டாவது ஆரம்பித்ததும் வரிசை கலைந்தது.

"என்னங்க, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு" என்பாள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி.

"அதுல ஒரு பிடி எடுத்து மூடி வை. நாளைக்கு மாவுல சேத்துக்கலாம்" என்பார் அவர்.

இதுவும் பழைய ஜோக்தான். கல்யாணமான புதிதில் அவள் இதற்குச் சிரித்திருக்கிறாள் என்று அவர் சொல்லிக்கொள்வார். அவள் அதை மறுத்து வருகிறாள்.

புளிப்பு ரொட்டியில் மந்திரம் ஒன்றும் இல்லை. இன்றைய மாவில் ஒரு பிடியை எடுத்து மூடி வைத்தால் அது தானே புளிக்கும். நாளைய மாவுக்கு அதுதான் உறை. தொல்லை என்னவென்றால், அதற்கு மனிதர்களைப் போலவே குணம் உண்டு. வெயில் அடித்தால் துள்ளும், மழை பெய்தால் போர்த்திக்கொண்டு படுக்கும். அளவுக்கு மேல் புளித்துவிட்டால் புது மாவும் தண்ணீரும் ஊற்றித் தணிக்க வேண்டும். போதவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எது அதிகம், எது குறைவு என்று சொல்ல அந்தக் கடையில் ஒரே ஒரு கருவிதான் இருந்தது. அது புளிப்பண்ணனின் வாய்க்குள் இருந்தது. விடிந்ததும் மாவுத் தொட்டியிலிருந்து விரலால் கொஞ்சம் வழித்து நாக்கில் வைப்பார். கூரையைப் பார்ப்பார். "ம்" என்பார். அந்த "ம்" விழுந்த பிறகுதான் பிசையும் இயந்திரம் ஓடும், நண்பகலுக்கு ரொட்டி வெளியே வரும்.

அந்த இயந்திரம் வாங்கியபோது ஒரு பேச்சு வந்தது.

"பிசையறது மிஷின். சூடு பாக்கறதுக்கு அடுப்புலயே முள்ளு இருக்கு. கல்லாவைப் பாக்கறது நான். வண்டி ஓட்டறது என் தம்பி. நீங்க என்னதான் செய்யறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

அவர் நாக்கை முழு நீளத்துக்கு நீட்டிக் காட்டினார். "இது."

அதே சமயம் மச்சினனும் தன் பங்குக்கு ஆரம்பித்தான். பொறுமை என்ற பிரேக் அவனுக்கு வண்டியில் மட்டும் அல்ல, உடம்பிலேயே பொருத்தப்படவில்லை. "மாமா, பொட்டலம் பொட்டலமா ஈஸ்ட் விக்குது. போட்டோமா, உப்பிச்சா, சுட்டோமான்னு போயிக்கிட்டே இருக்கலாம். எதுக்கு இந்த மாவுக்கு தினமும் தாலாட்டுப் பாடிக்கிட்டு?"

தீர்ப்பு கல்லாவிலிருந்து வந்தது. "இவர் நாக்கு சொல்றபடி கேக்கற வரைக்கும் புளிப்பு ரொட்டி. அது தகராறு பண்ணினா நீ சொல்றதைப் பாக்கலாம்."

இப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கும்போதுதான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நல்ல மரியாதையுள்ள காய்ச்சல்; சொன்னபடி வந்து சொன்னபடி போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கையோடு எடுத்துப் போய்விட்டது. எழுந்து வந்து தொட்டியில் விரல் விட்டு நாக்கில் வைத்தார். சுவரை நக்கியதுபோல் இருந்தது. சுவரிலாவது சுண்ணாம்பு இருக்கும்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "பயப்படாதீங்க, வந்துரும்."

"எப்ப டாக்டர்?"

"வரும்போது."

இதைச் சொல்ல பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரே போதுமே என்று புளிப்பண்ணன் நினைத்தார். ஆனால் சிரிப்பு வரவில்லை. நாக்கு போனது தெரிந்தால் புளிப்பு ரொட்டி போகும். புளிப்பு ரொட்டி போனால் அந்தக் கடையில் அவர் யார்? நாற்காலியா, தராசா? தராசுக்காவது ஒரு வேலை இருக்கிறது. அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை.

மறைப்பது ஒன்றும் லேசாக இல்லை. ஒருநாள் மனைவி காய்கறியில் உப்புப் போட மறந்துவிட்டாள். மச்சினன் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளினான். புளிப்பண்ணனுக்கு எல்லா நாளும் ஒரே ருசி என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று, "பிரமாதம்!" என்றார். இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளவும் செய்தார்.

"மாமா, இந்த ஜால்ரா ரொம்ப சத்தமா கேக்குது" என்றான் மச்சினன்.

அன்று முழுக்க மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் தொட்டிப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார்.

சரி, தன் நாக்கு இல்லாவிட்டால் என்ன, தெருவில் எத்தனை நாக்கு இருக்கிறது என்று ஒரு யோசனை வந்தது. விடிந்ததும் ஒரு ஸ்பூனில் மாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "புதுசா ஒண்ணு செஞ்சு பாக்கறேன், புளிப்பு எப்படின்னு சொல்லுங்க." இவ்வளவுதான் கேள்வி. பதில்தான் ஊர்ப்பட்டதாக வந்தது.

பழக்காரி நாக்கில் வைத்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்குப் பேரு புளிப்பா? இது இனிப்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி." நாள் முழுக்க மாங்காயை உப்பு வைத்துக் கடிக்கிறவள் நாக்கு அது. அதை நம்பி இன்னும் கொஞ்சம் புளிக்கவிட்டதில் அன்றைய ரொட்டியைத் தின்றவர்கள் எல்லாம் தெருவோடு ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு போனார்கள்.

பஸ் கண்டக்டரைக் கேட்டார். "புளிப்பா? அதை ஏன் கேக்கறீங்க. புளிமூட்டை மாதிரி ஆளுங்களை அடைச்சுக்கிட்டு வர்றேன், இதுல ஒருத்தன் சில்லறை இல்லைங்கறான்." மாவைத் தின்றார், விசில் அடித்தார், போய்விட்டார்.

முடிவெட்டுகிறவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது எங்க மாமியார் வரவேற்பு மாதிரி. முதல்ல ஒண்ணும் தெரியலை. போகப் போகத்தான் தெரியுது."

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "புளிப்பு என்று எதைச் சொல்கிறோம்?" என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் தொட்டியில் இருந்த மாவு இன்னும் ஒரு படி புளித்துவிட்டது.

புளிப்பண்ணனுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருடமும் புளிப்பு என்றால் தன் தொட்டியில் இருப்பது என்று எண்ணியிருந்தார். ஊரோ அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாமியாரை அளக்கிறது, உத்தியோகத்தை அளக்கிறது, சாப்பிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவனின் ஏப்பத்தை அளக்கிறது, பழகிப்போன காதலை அளக்கிறது, அவருடைய ஜோக்கையும் அளக்கிறது. மாவை மட்டும் அளக்க மாட்டேன் என்கிறது. யாரைக் கேட்டாலும் அவரவர் வாழ்க்கையின் ருசியைத்தான் சொன்னார்கள்.

ஆக, பேச்சை நம்பிப் பயனில்லை. பேசாத ஆள் வேண்டும்.

அப்படி ஒருவர் பக்கத்துக் கடையிலேயே இருந்தார். தையல்காரம்மா. விடியும் முன்னே கடை திறந்துவிடுவார். வாயில் எப்போதும் அரை டஜன் குண்டூசிகளைக் கடித்தபடி இருப்பார். ஆகவே பேச்சு கிடையாது. குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்து, மாவை நாக்கில் வைத்து, மறுபடி குண்டூசிகளை வாயில் வைத்துக்கொள்வார். இடையில் அவர் முகம் ஒரு வேலை செய்தது. அது அவருக்கே தெரியாது. புளிப்பு போதவில்லை என்றால் முகம் அப்படியே இருக்கும். சரியாக இருந்தால் இடது கண் மட்டும் மூடும். மிஞ்சிவிட்டால் இரண்டு கண்ணும் இறுக மூடும்.

இதைக் கண்டுபிடித்த அன்று புளிப்பண்ணனுக்கு வானத்தில் மிதப்பதுபோல் இருந்தது. அன்றிலிருந்து ரொட்டி நேரானது. ஒற்றைக் கண் மூடினால் கடைக்கு ஓடி இயந்திரத்தைப் போடுவார். வாடிக்கையாளர்கள், "அண்ணே, பழைய ருசி வந்துருச்சு" என்றார்கள்.

தெருவில் வேறொரு பேச்சும் வந்திருந்தது.

"அக்கா," என்றான் மச்சினன், வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். மாமா தினமும் விடிஞ்சதும் தையல்காரம்மா மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. கையில ஒரு ஸ்பூன்."

"ஸ்பூனா?"

"அதான் எனக்கும் பிடிபடலை. பூ கொண்டு போனாலாவது புரிஞ்சுக்கலாம்."

"உன் அக்கா வீட்டுக்காரருக்கு அந்த அளவுக்கு சாமர்த்தியம் கிடையாது. போய் வண்டியை எடு" என்றாள் அவள். ஆனால் அன்று மிச்சச் சில்லறையை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

இதற்கிடையில் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல் திறந்தது. அதன் தலைமைச் சமையல்காரம்மா புளிப்பு ரொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒருநாள் மதியம் வந்து ருசி பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்துப்போனால் தினமும் அவர்களுக்கு இங்கிருந்துதான் ரொட்டி.

"இது கிடைச்சா புளிப்பு ரொட்டியை யாரும் அசைக்க முடியாது" என்றாள் மனைவி. "கிடைக்கலேன்னா தம்பி கேக்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. பாத்துக்குங்க."

மச்சினன் ஒரு ஈஸ்ட் பெட்டியை வாங்கிவந்து, சும்மா இருக்கட்டும் என்று அலமாரியின் மேல் வைத்திருந்தான். அதைப் பார்க்கப் பார்க்கப் புளிப்பண்ணனின் வயிற்றில் புளியைக் கரைத்தது. கொஞ்ச நாளாகவே அவருக்கு உறைத்த ஒரே புளிப்பு அதுதான்.

சமையல்காரம்மா வரும் நாளன்று காலை புளிப்பண்ணன் ஸ்பூனோடு போனார். தையல்காரம்மா குண்டூசிகளை மேசையில் வைத்தார். மாவை நாக்கில் வைத்தார். இரண்டு கண்ணும் இறுக மூடின. ஓரத்தில் கண்ணீர்கூட வந்தது.

புளிப்பண்ணன் ஒரே ஓட்டமாக வந்து தொட்டியில் புது மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். மறுபடி ஸ்பூன், மறுபடி ஓட்டம். மறுபடி இரண்டு கண்ணும். மறுபடி மாவு, மறுபடி தண்ணீர். மூன்றாவது முறை போனபோது தையல்காரம்மா குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து, "ண்ணே, வேலையைப் பாக்க விடுங்கண்ணே" என்றார். கண் அப்போதும் திறக்கவில்லை. புளிப்பண்ணன் அரை மூட்டை மாவைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, இதற்கு மேல் கடவுள் விட்ட வழி என்று இயந்திரத்தைப் போட்டார்.

நண்பகலில் ரொட்டி வந்தது. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. அதை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தையல்காரம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"என்னம்மா, சினிமாவுக்கா?" என்றார் புளிப்பண்ணன்.

"நீங்க வேற அண்ணே. கண்ணு சிவந்து போச்சுன்னு நேத்து டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தாரு. காலைல எழுந்ததும் விட்டுக்கறேன். எரியற எரிச்சல்ல ரெண்டு கண்ணும் தானா மூடிக்குது. இன்னைக்குக் காலைல நீங்க வந்தீங்களே, உங்களைக்கூட நான் சரியா பாக்கல. குரலை வெச்சுத்தான் நீங்கன்னு தெரிஞ்சுது."

புளிப்பண்ணன் கையில் இருந்த ரொட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அப்போது வாசலில் ஹோட்டல் வண்டி வந்து நின்றது.

சமையல்காரம்மா கதவளவு அகலம், கதவளவு கனிவு. ரொட்டியைப் பிய்த்தார், மோந்தார், வாயில் போட்டார். கல்லாவில் மனைவி தன் துண்டை எடுத்துக்கொண்டாள். தினமும் முதல் ரொட்டியில் ஒரு துண்டை எல்லோரும் பார்க்கத் தின்பது அவள் வழக்கம். இரண்டு வாய் மென்றதும் அவள் தாடை நின்றுவிட்டது.

"நல்ல ரொட்டி" என்றார் சமையல்காரம்மா யோசனையோடு. "பசிக்குத் தின்னலாம். ஆனா நான் கேள்விப்பட்டு வந்தது இது இல்லைங்க. இது எந்தக் கடையிலயும் கிடைக்குமே. புளிப்பு எங்க?"

மச்சினன் அலமாரியின் மேலே பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அவன் பார்வையை இறக்கிக்கொண்டான்.

"இன்னைக்கு மாவு படுத்திருச்சும்மா" என்றாள் அவள். "நாளைக்கு இதே நேரத்துக்கு ஒருதரம் வாங்க. அப்பவும் இப்படி இருந்தா நீங்க சொல்றதைக் கேட்டுக்கறேன்."

வண்டி போனதும் எழுந்து உள்ளே வந்தாள். புளிப்பண்ணன் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் தன்னைப் போட்டு விளக்கப்போகிறாள் என்று தயாராக இருந்தார். அவளோ எதிர் மூட்டையில் உட்கார்ந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"கடை உங்களுக்குப் புளிச்சுப் போச்சா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. தயாராக வைத்திருந்த ஜோக்கை அப்படியே விட்டுவிட்டார்.

"ஐயோ, அதில்லம்மா. நாக்கு செத்துப் போச்சு."

"என்னது?"

"காய்ச்சல்லயே போயிருச்சு. உப்பு தெரியாது, காரம் தெரியாது, ஒண்ணும் தெரியாது. சொன்னா கடையில எனக்கு என்ன வேலைன்னு..." என்று தொடங்கி, பழக்காரி, கண்டக்டர், குண்டூசி, ஒற்றைக் கண், சொட்டு மருந்து வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் உதடு துடித்தது. முடிந்ததும் முதல் கேள்வி வந்தது.

"அப்ப அன்னைக்குக் காய்கறி பிரமாதம்னு சொன்னது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா இருந்துச்சேன்னு அதுக்கப்புறம் ரெண்டு தடவை உப்பைக் குறைச்சுப் போட்டேன். என் தம்பி பாதி இளைச்சுட்டான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குரல் மாறியது. "ஊர்ல இருக்கற மூஞ்சியெல்லாம் பாத்தீங்க. தையல்காரம்மா கண்ணைப் பாத்தீங்க. வீட்டுல ஒருத்தி தினமும் உங்க ரொட்டியை முதல் ஆளா தின்னுக்கிட்டு உக்காந்திருக்கேனே, என் மூஞ்சியைப் பாக்கணும்னு தோணலையா?"

"நீ எப்பவும் சிரிச்ச முகமா தின்னுவியே. அதுல என்ன தெரியும்?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் புளிப்பே பிடிக்காது."

புளிப்பண்ணன் மூட்டையிலிருந்து வழுக்கினார்.

"பிறந்ததுலேருந்து பிடிக்காது. புளிப்பு ரொட்டிக்காரன் பொண்டாட்டிக்குப் புளிப்பு ஆகாதுன்னு வெளியே தெரிஞ்சா எவன் கடைக்கு வருவான்? அதான் எல்லாரும் பாக்கற மாதிரி சிரிச்சுக்கிட்டே தின்னேன். பிடிக்கறவங்களுக்கு என்னங்க தெரியும், கொஞ்சம் கூடினாலும் தின்னுடுவாங்க, குறைஞ்சாலும் தின்னுடுவாங்க. பிடிக்காதவளுக்குத்தான் ஒரு துளி மாறினாலும் தெரியும். போன வாரம் நீங்க தொட்டியை வெயில்ல வெச்சது வரைக்கும் எனக்குத் தெரியும்."

மறுநாள் விடிந்தது. நல்லவேளையாக, தணிப்பதற்கு முன் எடுத்து மூடி வைத்த ஒரு பிடி மாவு பிழைத்துக் கிடந்தது; அதிலிருந்து புதிதாக எழுப்பிய மாவு தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள்போல் அதன் முன் நின்றாள். மச்சினனும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

அவள் விரலால் வழித்து வாயில் வைத்தாள்.

"நுனியில தொடுது" என்றாள் கண்ணைத் திறந்தபடியே. "இப்ப கன்னத்துக்குள்ள ஒரு இழு இழுக்குது. 'சீ'ன்னு சொல்ல வாயெடுக்கறேன்... சொல்றதுக்குள்ள விட்டுருச்சு. இன்னும் வரலை. நல்ல மாவா இருந்தா நான் 'சீ'ன்னு சொல்லி முடிச்சப்புறம்தான் விடும். சொன்னப்புறமும் விடாம சண்டை போட்டா, அது மிஞ்சினது."

புளிப்பண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தெரு முழுக்க ஸ்பூனோடு அலைந்தும் கிடைக்காத அளவுகோல் அது. அவருக்கு நாக்கு இருந்த காலத்திலேயே "ம்"முக்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்ததில்லை.

"அப்ப காத்திருக்கணும்" என்றார்.

"காத்திருங்க. மாப்பிள்ளை மாதிரி நிக்காம அந்தத் துணியை நனைச்சு மூடுங்க. காத்து வறண்டு கிடக்கு" என்றாள்.

மூடினார். தொட்டியைச் சுவர் ஓரமாக, கதகதப்பான இடத்துக்கு நகர்த்தினார். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. மாவின் எடையும், அதன் மேல் ஓடிய விரிசலும், குமிழி உடையும் சத்தமும் இன்னும் அவரிடம்தான் இருந்தன. காய்ச்சல் அவற்றைத் தொடவில்லை. இரண்டாவது முறை அவள் வாயில் வைத்து, "சீ!" என்று முழுதாகச் சொல்லி, அதற்குப் பிறகு முகம் தெளிந்தபோது, அவர் இயந்திரத்தின் பொத்தானில் கை வைத்திருந்தார்.

"அக்கா, நீ சீன்னு சொன்னா நல்லதுங்கறே. எங்களுக்கெல்லாம் இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் மச்சினன். "நான் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போதெல்லாம் நீ சீன்னு சொன்னியே!"

நண்பகலில் சமையல்காரம்மா வந்தார். பிய்த்தார். வாயில் போட்டார். உள்ளே ஏதோ நடக்கிறது என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, எல்லோரையும் காத்திருக்கச் சொன்னார். பிறகு இன்னொரு துண்டைப் பிய்த்தார்.

"இது" என்றார். "இதுதான். நாளையிலேருந்து அனுப்புங்க. யாரு உங்க வீட்டுல ருசி பாக்கறது?"

புளிப்பண்ணன் கல்லாவைக் காட்டினார். "அவங்கதாம்மா. நான் மாவுக்குத் துணி போத்தற ஆள்."

"ரெண்டு பேரும்தான்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்கள் எல்லோரும் பார்க்க, வழக்கம்போல் தன் துண்டை எடுத்துச் சிரித்த முகத்தோடு வாயில் போட்டாள். மச்சினன் ஈஸ்ட் பெட்டியைத் தூக்கி, பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வருவதாக வண்டியைக் கிளப்பினான்.

புளிப்பண்ணன் இந்தத் தடவை மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஊரார் கண்ணுக்கு அது சிரிப்பு. அருகில் நின்று பார்த்தால் இடது கன்னம் ஒரு நூல் அளவுக்கு உள்ளே இழுபட்டது, தாடைக்குக் கீழே ஏதோ ஒன்று சிலிர்த்தது, அவள் அதை விழுங்கி, அடுத்தவரிடம், "உங்களுக்கு எத்தனை ரொட்டி?" என்று கேட்டாள். இத்தனை வருடமும் தினமும் இது நடந்திருக்கிறது.

பார்த்துக்கொண்டே இருந்தபோது அவருடைய செத்த நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது.